என் லாட்ஜுக்கு வாடகை வைப்பது யார்?

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து லாட்ஜ் நடத்துகிறோம். 18 அறைகள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய ஆன்லைன் முன்பதிவு நிறுவனத்தில் சேர்ந்தோம். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. நவக்கிரகக் கோயில்களுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். இன்று அறை எடுப்பவர்களில் பாதிக்கு மேல் அந்த ஆப் வழியாக வருபவர்கள். 1,800 ரூபாய் அறைக்குக் கமிஷன், அவர்கள் அறிவிக்கும் ஆஃபரில் எங்கள் பங்கு, பெயரை முன்னால் காட்டுவதற்கான கட்டணம் எல்லாம் போக 1,200 சொச்சம்தான் கையில் நிற்கிறது. போன தை மாதம் எங்கள் சொந்த வெப்சைட்டில் அதே அறைக்கு 1,600 போட்டோம். இன்னொரு ஆப்பில் 1,650. இரண்டே நாளில் அவர்களுடைய ஏரியா மேனேஜர் போன் செய்து, "ரேட் பேரிட்டி உடைந்திருக்கிறது, சரி செய்யுங்கள்" என்றார். அதாவது, அவர்கள் ஆப்பில் உள்ளதைவிடக் குறைந்த விலை வேறெங்கும் இருக்கக் கூடாதாம். சரி செய்தோம். ஆனாலும் முதல் பக்கத்தில் இருந்த எங்கள் பெயர் எங்கோ கீழே போய்விட்டது. பங்குனி முழுக்கப் பாதி ரூம் காலி. பெரிய டிஜிட்டல் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தப் புதுச் சட்டம் வருகிறது என்கிறார்கள். அதற்காகக் காத்திருக்கலாமா? இப்போதே புகார் செய்ய வழி உண்டா? செய்தால் லிஸ்டிங்கையே தூக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பேசாமல் விலகிவிடலாம் என்கிறான் மகன்.

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

மகன் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு விலக வேண்டாம். புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இருக்கிற சட்டத்திலேயே உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன குறைகள் எல்லாவற்றுக்கும் அது ஒரே அளவில் கை கொடுக்காது. எது வலுவானது, எது வலுவில்லாதது என்று தெரிந்துகொண்டு இறங்கினால்தான் பணமும் காலமும் வீணாகாது.

உங்கள் நிலைமைக்கு மிக அருகில் இருக்கும் வழக்கு ஒன்று நம் நாட்டிலேயே முடிவாகியிருக்கிறது. ஆன்லைன் முன்பதிவு நிறுவனங்களான மேக்மைட்ரிப்பும் கோஐபிபோவும் 2017-ல் ஒரே கையின் கீழ் வந்தன. அதன் பிறகு ஹோட்டல்காரர்களுக்கு அவர்கள் வைத்த நிபந்தனைகளை எதிர்த்து, இந்திய ஹோட்டல், உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தது. 2019 அக்டோபரில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2022 அக்டோபர் 19-ல் தீர்ப்பு வந்தது. மேக்மைட்ரிப், கோஐபிபோ தரப்புக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம், ஓயோவுக்கு 168.88 கோடி. ஓயோவுக்கு ஏன் என்றால், அதற்குப் போட்டியாக இருந்த ட்ரீபோ, ஃபேப்ஹோட்டல்ஸ் ஆகிய இரண்டையும் மேக்மைட்ரிப் தளத்திலிருந்து எடுத்துவிடுவது என்று இரு தரப்பும் செய்துகொண்ட ஏற்பாடு சந்தையைக் கெடுத்தது என்று ஆணையம் முடிவு செய்தது.

அபராதத் தொகையைத்தான் செய்தித்தாள்கள் பெரிதாகப் போட்டன. உங்களுக்கு முக்கியம் அதோடு வந்த உத்தரவுகள். மற்ற முன்பதிவுத் தளங்களில் இதைவிடக் குறைந்த விலைக்கு அறை கொடுக்கக் கூடாது, மற்ற தளங்களுக்கு இதைவிட அதிக அறைகளை ஒதுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளை ஒப்பந்தங்களிலிருந்து நீக்கச் சொன்னது ஆணையம். எங்களோடு மட்டும்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் போக வேண்டும் என்றது. ஹோட்டல்களைப் பட்டியலில் சேர்க்கும் விதிகளை நியாயமாகவும் வெளிப்படையாகவும் பாகுபாடில்லாமலும் எழுத வேண்டும் என்றது. ஒரு ஹோட்டலோடு ஒப்பந்தம் முறிந்ததாலோ, ஒதுக்கிய அறைகள் தீர்ந்ததாலோ அது தளத்தில் கிடைக்கவில்லை என்றால் அந்தக் காரணத்தை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி போட வேண்டும் என்றும் சொன்னது. 'சோல்ட் அவுட்' என்று காட்டியதைப் பார்த்து அந்த ஹோட்டலே நிரம்பிவிட்டதாக நினைத்து வேறு இடம் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இன்னொரு ஆப்பில் 1,650 போட்டதற்காக நெருக்கினார்கள் என்கிறீர்கள். அது மேலே சொன்ன உத்தரவு நேரடியாகத் தொடும் விஷயம். சொந்த வெப்சைட்டில் 1,600 போட்டதற்காக நெருக்கினார்கள் என்பதும் அநியாயம்தான். ஆனால் 2022 உத்தரவின் வாசகம் மற்ற ஆன்லைன் முன்பதிவு நிறுவனங்களைப் பற்றியது. ஹோட்டலின் சொந்த வெப்சைட்டை அது அதே அழுத்தத்தோடு சொல்லவில்லை. அதனால் புகாரில் இரண்டையும் ஒரே வரியில் குழைத்து எழுதாதீர்கள். மற்ற ஆப் பற்றிய குறையை முதலில் வையுங்கள். சொந்த வெப்சைட் விஷயத்தைத் தனியாக, அதற்கான நியாயத்தோடு வையுங்கள். இன்னொன்று: அந்த உத்தரவு வழக்கில் இருந்த நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். நீங்கள் சேர்ந்திருப்பது வேறு நிறுவனம் என்றால், அதில் சொல்லப்பட்ட சட்ட நியாயத்தை எடுத்துக்காட்டலாமே தவிர, உத்தரவை நீட்டி "இதன்படி நட" என்று சொல்ல முடியாது.

சொந்த வெப்சைட் பற்றி நிறுவனங்கள் சொல்லும் வாதத்தையும் கேட்க வேண்டும். "கோடிக்கணக்கில் விளம்பரம் செய்து ஆளைக் கூட்டி வருவது நாங்கள். எங்கள் தளத்தில் படத்தையும் மதிப்புரைகளையும் பார்த்துவிட்டு, 200 ரூபாய் குறைகிறது என்று ஹோட்டலுக்கே நேராகப் போன் செய்து அறை எடுத்தால் எங்கள் செலவுக்கு யார் ஈடு?" இது வெறும் சாக்கு அல்ல. பல வருடங்கள் பல நாட்டு நீதிமன்றங்களில் இந்த வாதம் எடுபட்டது. ஜெர்மனியில்தான் இதைக் கணக்குப் போட்டுச் சோதித்தார்கள். அந்த நாட்டின் போட்டி ஆணையம் 2015 டிசம்பரில், ஹோட்டலின் சொந்த வெப்சைட்டில்கூட விலை குறையக் கூடாது என்ற நிபந்தனையை புக்கிங் டாட் காம் வைக்கக் கூடாது என்று தடுத்தது. 2019-ல் டுசல்டார்ஃப் மேல்நீதிமன்றம் நிறுவனத்தின் வாதத்தை ஏற்று அந்தத் தடையை ரத்து செய்தது. வழக்கு கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் அந்த நிபந்தனை இல்லாமலே புக்கிங் ஜெர்மனியில் வியாபாரம் செய்துகொண்டிருந்ததே, அப்போது என்ன ஆனது என்று விசாரித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதன் சந்தைப் பங்கு கூடியேதான் இருந்தது. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை மீண்டும் உறுதி செய்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் தரப்பில் நாளை யாராவது ஆணையத்தின் முன் நின்று பேசும்போது எதிர்த்தரப்பு கட்டாயம் அந்த வாதத்தை எடுக்கும். அதற்கான விடை ஏற்கெனவே ஒரு நாட்டில் நடைமுறையில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பிறகு ஒரு படி மேலே போனது. டிஜிட்டல் சந்தைகள் சட்டம் என்று அவர்கள் கொண்டுவந்த சட்டம், மிகப் பெரிய நிறுவனங்களை முன்கூட்டியே பெயர் சொல்லிக் குறித்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் கூகுள், அமேசான், ஆப்பிள், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டிக்டாக்கின் தாய் நிறுவனம் ஆகிய ஆறு குறிக்கப்பட்டன. 2024 மே மாதம் புக்கிங் சேர்ந்தது. குறிக்கப்பட்ட நிறுவனம், தன்னிடம் உள்ள வியாபாரிகள் வேறு தளத்திலோ சொந்தத் தளத்திலோ வேறு விலை வைப்பதைத் தடுக்கக் கூடாது. யாரும் புகார் செய்து, விசாரணை நடந்து, தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மீறினால் உலகளாவிய விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம், திரும்பத் திரும்ப மீறினால் 20 சதவீதம் வரை.

நம் நாட்டில் பேசப்படும் புதுச் சட்டம் அந்த வழியில் யோசிக்கப்பட்டதுதான். நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. 2023 பிப்ரவரியில் ஒரு குழு அமைத்தார்கள். 2024 மார்ச் 12-ல் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வெளிவந்தது. இந்தியாவில் 4,000 கோடி ரூபாய் விற்றுமுதல், அல்லது தளத்தின் வழியாக 16,000 கோடி ரூபாய்க்கு வியாபாரம், அல்லது உலக அளவில் அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று, அதோடு நாட்டில் ஒரு கோடி பயனாளர்களோ 10,000 வியாபாரப் பயனாளர்களோ இருந்தால் அந்த நிறுவனம் தனிக் கட்டுப்பாட்டுக்குள் வரும். பட்டியலில் உள்ள ஒன்பது வகைச் சேவைகளில் நீங்கள் சேர்ந்திருப்பது போன்ற இடைத்தரகுத் தளங்களும் உண்டு. வரைவின் மேல் எதிர்ப்பும் ஆதரவும் குவிந்தன; நான் இதை எழுதும் வரை அது சட்டமாகவில்லை.

சட்டமாக வந்தாலும் உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அந்த வரைவை வரிவரியாகப் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பெரிய குறை ஒன்று தெரிகிறது. தன் பொருளுக்கே முன்னுரிமை கொடுப்பதற்குத் தடை இருக்கிறது. வியாபாரிகளின் தரவை எடுத்து அவர்களுக்கே எதிராகப் பயன்படுத்துவதற்குத் தடை இருக்கிறது. வாடிக்கையாளரை வேறு வழிக்கு அழைப்பதைத் தடுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் ஐரோப்பியச் சட்டத்தில் இருப்பதுபோல, "வேறு இடத்தில் விலை குறைக்காதே என்று சொல்லக் கூடாது" என்று நேராகச் சொல்லும் பிரிவு வரைவில் இல்லை. எந்தச் சேவைக்கு எந்த விதி என்ற விவரத்தை ஆணையம் பிறகு ஒழுங்குவிதிகளாக எழுதும் என்று விட்டிருக்கிறார்கள். அங்கேயாவது அது வர வேண்டும். ஹோட்டல் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்காவிட்டால் வேறு யாரும் உங்களுக்காகக் கேட்கப் போவதில்லை. கருத்துக் கேட்கும் காலத்தில் பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதித் தருகின்றன. கோயில் ஊர்களின் லாட்ஜ்காரர்கள் நான்கு பக்கம் எழுதினாலும் அது பதிவில் ஏறும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி விலையைப் பற்றியது அல்ல. "சரி செய்தோம், ஆனாலும் கீழே போய்விட்டது" என்ற வரி. ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனையை நீதிமன்றமோ ஆணையமோ அழித்துவிடலாம். அழித்த பிறகும் பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்பது அவர்கள் கையில்தான் இருக்கும். கடைத்தெருவில் உங்கள் லாட்ஜ் வாசலை ஒருவர் தட்டி வைத்து மறைத்தால் ஊரே பார்க்கும். இங்கே நீங்கள் நான்காம் பக்கம் போனதைப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான். கேட்டால் "அது அல்காரிதம், எங்கள் கையில் இல்லை" என்பார்கள். எழுதப்பட்ட நிபந்தனையை எதிர்ப்பதைவிட எழுதப்படாத தண்டனையை நிரூபிப்பது பத்து மடங்கு கடினம். டிஜிட்டல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லும் எந்தச் சட்டமும் இந்த இடத்தைத் தொடாவிட்டால் சிறு வியாபாரிக்குப் பாதிப் பயன்தான்.

இதற்கு ஐரோப்பாவில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வேறொரு விதிமுறை உண்டு. பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற பேதமில்லாமல் எல்லாத் தளங்களுக்கும் பொது. பட்டியலில் இடம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதன் முக்கியக் காரணிகளை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஒரு வியாபாரியை முழுவதுமாக நீக்குவதாக இருந்தால், சில விதிவிலக்குகள் போக, 30 நாள் முன்னதாகக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். நம்மிடம் அவ்வளவு இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-ல் வந்த மின்வணிக விதிகளில் 5-வது விதி, பொருட்களையோ விற்பவர்களையோ வரிசைப்படுத்தும் முக்கியக் காரணிகள் எவை, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை எளிய மொழியில் எல்லோரும் பார்க்கும்படி தளம் வெளியிட வேண்டும் என்கிறது. ஒரே வகை விற்பவர்களுக்குள் வேறுபாடு காட்டுவதாக இருந்தால் அதையும் ஒப்பந்த விதிகளில் சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்காக எழுதப்பட்ட விதி என்றாலும் நீங்கள் அதைக் காட்டி எழுத்தில் விளக்கம் கேட்கலாம். இன்றே கேளுங்கள். ஒழுங்கான பதில் வந்தால் உங்கள் பெயர் ஏன் இறங்கியது என்று தெரியும். மழுப்பலான பதில் வந்தால், அல்லது பதிலே வராவிட்டால், அந்தக் கடிதம் நாளைக்கு உங்கள் புகாரின் இணைப்பாகும்.

பட்டியலில் இடம் காட்டும் விதத்தையே குற்றமாக நம் ஆணையம் எடுத்துக்கொண்ட முன்னுதாரணமும் இருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் சென்னைக்காரர்தான். சென்னையின் மேட்ரிமோனி டாட் காம், ஒரு நுகர்வோர் அமைப்போடு, கூகுள் தேடல் பற்றி 2012-ல் புகார் கொண்டுபோனது. 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. விமான டிக்கெட் தேடுபவர்களுக்குத் தன் சொந்தப் பெட்டியை மேலே பெரிதாக வைத்து, மற்றப் பயணத் தளங்களைக் கீழே தள்ளியது அதில் ஒரு குற்றச்சாட்டு. தேடல் பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்பது போட்டிச் சட்டத்துக்குள் வரும் விஷயம் என்று அது நிறுவியது. ஆனால் புகாருக்கும் தீர்ப்புக்கும் இடையில் ஆறு வருடம் என்பதையும் பாருங்கள். ஐரோப்பாவில் கூகுளின் ஷாப்பிங் வழக்கில் 2017-ல் விதித்த 242 கோடி யூரோ அபராதத்தை அந்த ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2024 செப்டம்பரில். இந்தத் தாமதம்தான் முன்கூட்டியே கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்று என்னைப் போன்றவர்கள் கேட்பதற்குக் காரணம். ஆறேழு வருடத்தில் 18 அறை லாட்ஜ் கைமாறிவிடும்.

தூக்கிவிட்டால் என்ன செய்வது என்ற உங்கள் பயம் நியாயமானது. 2024 மார்ச் 1-ல் கட்டணத் தகராறில் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து சில இந்திய நிறுவனங்களின் ஆப்களை எடுத்தது. மேட்ரிமோனி குழுமத்தின் ஆப்களும் அதில் போயின. அதற்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றம், இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று சொல்லி அந்த நிறுவனங்களின் வழக்கை ஏற்க மறுத்திருந்தது. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாட்களில் ஆப்கள் திரும்பி வந்தன. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களுக்கு அது நடக்கும். உங்களுக்காக அமைச்சர் பேசுவார் என்று எண்ணித் திட்டம் போட முடியாது. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று தனியாகச் சொல்லும் பிரிவு நம் போட்டிச் சட்டத்தில் இல்லை. இடைக்கால உத்தரவு கேட்கலாம். மேக்மைட்ரிப் வழக்கிலேயே ட்ரீபோவையும் ஃபேப்ஹோட்டல்ஸையும் மீண்டும் சேர்க்கச் சொல்லி 2021 மார்ச்சில் ஆணையம் இடைக்கால உத்தரவு போட்டது. ஓயோ குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் அது முடங்கியது. எனவே அதை நம்பி இறங்க வேண்டாம்.

அதனால் நான் சொல்வது, தனியாகப் போகாதீர்கள். யார் வேண்டுமானாலும் ஆணையத்துக்குத் தகவல் கொடுக்கலாம். உங்கள் அடையாளத்தை ரகசியமாக வைக்கும்படியும் கேட்கலாம். ஆனால் கும்பகோணம், 18 அறை, தை மாதம், 1,600 ரூபாய் என்று எழுதினால் யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நாள் ஆகாது. தஞ்சாவூர், கும்பகோணம், ராமேஸ்வரம், திருவண்ணாமலையில் இதே அனுபவம் உள்ள பதினைந்து இருபது பேர் சேர்ந்து, சங்கத்தின் பெயரில் போனால் பழிவாங்குவதும் கடினம், ஆதாரமும் வலுக்கும். சென்னையில் இயங்கும் தென்னிந்திய ஹோட்டல், உணவகச் சங்கம் சிஹ்ரா, 2019-ல் புகார் செய்த அந்தக் கூட்டமைப்பின் அங்கம்தான். அவர்களிடம் முதலில் போங்கள். போட்டி ஆணையத்துக்கும் 2021 முதல் சென்னையில் மண்டல அலுவலகம் இருக்கிறது.

கூட்டாகப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நிறுவனம் நிபந்தனை வைப்பதே குற்றம் ஆகாது. சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் வைத்தால்தான் போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவு பாயும். 2019-ல் ஒரு ஹோட்டல் நிறுவனம் ஓயோவின் மேல் கொடுத்த புகாரை, ஓயோவுக்கு ஆதிக்கம் இல்லை என்று சொல்லி ஆணையம் மூடியது. ஆதிக்கம் இல்லாவிட்டால், ஒப்பந்தங்களைப் பற்றிய 3(4) பிரிவு ஒன்று இருக்கிறது. அதற்கு அந்த ஒப்பந்தம் போட்டியைக் கணிசமாகப் பாதிக்கிறது என்று காட்ட வேண்டும். இந்த இரண்டையும் ஒரு லாட்ஜின் கணக்கை வைத்துக் காட்ட முடியாது. நான்கு ஊர்களில் இத்தனை லாட்ஜ்கள், இத்தனை சதவீத வியாபாரம் இந்த ஒரே வாசல் வழியாக வருகிறது என்றால் காட்டலாம்.

அந்த சதவீதத்தை எங்கே தேடுவது? உங்கள் வருமான வரிக் கணக்கிலேயே இருக்கிறது. ஆன்லைன் தளம் உங்களுக்குச் செலுத்தும் தொகையில் 1961 வருமான வரிச் சட்டத்தின் 194-ஓ பிரிவின் கீழ் வரி பிடித்திருந்தால், தளத்தின் வழியாக நடந்த மொத்த வியாபாரத் தொகை வருடவாரியாக 26ஏஎஸ் படிவத்தில் பதிவாகியிருக்கும். அதை உங்கள் மொத்த வாடகை வருமானத்தோடு வைத்துப் பாருங்கள். அந்த நிறுவனமே அரசுக்குக் கொடுத்த கணக்கு என்பதால் அவர்களால் மறுக்க முடியாத ஆவணம் அது. என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்களைக் கட்டாகக் கொண்டுவருவார்கள். ஆடிட்டரின் மேஜையில் இருக்கும் இந்தத் தாளை யாரும் கொண்டுவருவதில்லை.

ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும்தான். ஒரே தேதி, ஒரே நேரம், லாக்-இன் செய்யாத போனிலிருந்து உங்கள் ஊர் பெயரைத் தேடி, நீங்கள் எத்தனையாவது இடத்தில் இருக்கிறீர்கள் என்று வாரம் இரண்டு முறை எடுத்து வையுங்கள். விலையை மாற்றும் முன்பும் பின்பும் எடுத்தது இருந்தால் அதன் மதிப்பே வேறு. மின்னணு ஆவணங்களை நீதிமன்றத்தில் வைக்க, 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். எந்த போனில் எடுத்தீர்களோ அதை விற்றுவிடாமல் வைத்திருங்கள். ஏரியா மேனேஜர் போனில் சொன்னது காற்றோடு போய்விடும். அடுத்த முறை அழைத்தால், வைத்த உடனே ஒரு ஈமெயில் போடுங்கள்: "இன்று காலை நீங்கள் போனில் சொன்னபடி எங்கள் விலையை மாற்றுகிறோம், நாங்கள் புரிந்துகொண்டது தவறு என்றால் தெரிவியுங்கள்." சண்டை போடும் தொனி வேண்டாம், இந்த ஒரு வரி போதும்.

காலக்கெடுவை மறந்துவிடாதீர்கள். 2023 திருத்தத்துக்குப் பிறகு, காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கலாம் என்று இருந்தாலும் அதில் தொங்க வேண்டாம். ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் வேறு மாநிலத்தில் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கும். அது கமிஷன் பாக்கி போன்ற பணத் தகராறுக்கு. போட்டி ஆணையத்துக்குப் போவதை அது தடுக்காது. ஆணையம் மீறலைக் கண்டுபிடித்தால் அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. உங்கள் நஷ்டத்துக்கு ஈடு வேண்டும் என்றால் 53என் பிரிவின் கீழ் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாகக் கேட்க வேண்டும். பங்குனியில் காலியாகக் கிடந்த அறைகளின் கணக்கை இப்போதே எழுதி வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

விலகுவது பற்றி மகன் கேட்டதற்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் வியாபாரம் ஒரே இடத்திலிருந்து வரும்போது கோபத்தில் விலகினால் அடி உங்களுக்குத்தான் விழும். அவர்களுக்கு ஒதுக்கும் அறைகளை முதலில் குறையுங்கள். முகூர்த்த நாட்களிலும் கோயில் திருவிழா நாட்களிலும் உங்கள் அறைகள் எப்படியும் நிறையும். அந்த நாட்களில் 18-ல் ஆறு மட்டும் அங்கே திறந்து வையுங்கள். ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். மற்ற தளங்களுக்குக் கொடுக்கும் அளவு அறைகளை இங்கேயும் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று இருந்தால், 2022-ல் ஆணையம் நீக்கச் சொன்ன நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. கூகுள் மேப்ஸில் உங்கள் லாட்ஜின் பக்கத்தை நீங்களே உரிமை கோரி, போன் நம்பரையும் சொந்த வெப்சைட்டையும் சரியாகப் போடுங்கள். அந்தப் பக்கத்துக்குக் கட்டணம் இல்லை. ஒருமுறை வந்து தங்கியவர் அடுத்த முறை நேராக உங்களையே அழைக்கும்படி ரிசப்ஷனில் ஒரு கார்டு கொடுப்பதை எந்த ஒப்பந்தமும் எளிதில் தடுக்க முடியாது. வாடகையை வெளியில் குறைத்துக் காட்டாமல் காலை டிபன், கோயில் சுற்றுக்கு வண்டி என்று சேர்த்துக் கொடுப்பதும் ஒரு வழி; அதையும் மீறலாகச் சொல்லும் ஒப்பந்தங்கள் சில உண்டு என்பதால் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

நீங்கள் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கும். அதன் பிறகு அவர்களுடைய ஹோட்டல் லாக்-இன் பக்கத்தில் 'ஏற்கிறேன்' என்று மகன் அழுத்திய திருத்தங்கள் நான்கைந்தாவது இருக்கும். பெரும்பாலும் விலை பற்றிய நிபந்தனை அந்தத் திருத்தங்களில்தான் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் தேதி வரிசையில் பிரிண்ட் எடுத்து, விலை, அறை எண்ணிக்கை, பட்டியல் வரிசை, ஒப்பந்த முறிவு ஆகிய பகுதிகளைக் கோடிட்டு எனக்கு அனுப்புங்கள். மற்ற ஆப் விலை பற்றி எழுத்தில் இருக்கிறதா, அல்லது மேனேஜரின் வாய்ச்சொல் மட்டும்தானா என்று பார்த்த பிறகு, 4-வது பிரிவா 3(4)-ஆ என்பதை உங்கள் சங்கத்தாரோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம்.